ஒன்பதாம் நம்பருக்கு வந்த காய்ச்சல்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருபத்திரண்டு நிமிடத்துக்கு ஒன்பதாம் நம்பர் உயிரை விட்டது.

சத்தமில்லை, புகையில்லை. திரையில் ஓடிக்கொண்டிருந்த பந்தயக் கார் ஒரு வளைவில் திரும்பப் போனது, அப்படியே திரை கறுத்துவிட்டது. சுற்றி நின்ற முப்பது பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

ஏசி மெக்கானிக் அப்போது ஏணியின் நாலாவது படியில் நின்றிருந்தார். ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர், இன்னொரு கையில் அழுக்கு ஃபில்டர். அந்த கேம் சென்டர் அவர் தங்கச்சி புருஷனுடையது. இருபது கம்ப்யூட்டர், இரண்டு ஏசி. வெளியாள் வீட்டு வேலையை வாரநாளில் முடித்துவிட்டு, சொந்தக்காரன் வேலைக்கு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுப்பது அவர் வழக்கம். கொடுத்துவிட்டு முணுமுணுப்பதும் வழக்கம்.

மூன்று வாரமாக அந்த இடத்தில் ஒரே சண்டை. கம்ப்யூட்டருக்குப் புதுசாக ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் வந்திருந்தது. அதைப் போட்டால் கம்ப்யூட்டர் விளையாட்டு பிழைக்குமா, சாகுமா என்பதுதான் வழக்கு. பாதிப் பேர் பிழைக்கும் என்றார்கள், பாதிப் பேர் செத்தது என்றார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவர் மாப்பிள்ளை. பெரிய போட்டி ஒன்றை இந்தக் கடையில் நடத்தத் தயார், ஆனால் மெஷின்களில் புது சிஸ்டம் இருக்க வேண்டும் என்று போட்டிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பதில் கேட்டு இன்றைக்கு ஒரு மணிக்குப் போன் செய்வார்கள். அவனவன் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வாங்கி வைத்துக்கொண்டதில் கடையில் பாதி நாற்காலி காலி. அந்தப் போட்டி வந்தால் நாற்காலி நிறையும். வராவிட்டால் கடையை எத்தனை மாசம் இழுக்க முடியும் என்று மாப்பிள்ளை யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

"வாயால பேசி ஆகாது, ஓட்டிப் பாத்துடுவோம்" என்று முடிவு செய்தது மாப்பிள்ளைதான். ஒன்பதாம் நம்பரில் புது சிஸ்டம், பத்தாம் நம்பரில் பழசு. இரண்டிலும் ஒரே விளையாட்டு. பத்து மணிக்கு ஆரம்பித்து ஒரு மணி நேரம். ஒன்பது தாக்குப்பிடித்தால் கடை முழுக்க மாற்றுவது. படுத்தால் போட்டிக்கு ஒரு கும்பிடு.

படுத்துவிட்டது.

"நான் தலையால அடிச்சுக்கிட்டேன்" என்றார் கணக்கு டீச்சர். ரிட்டையர் ஆன பிறகு விளையாட வந்தவர். இடது கை மாவுக்கட்டில் தொங்கியது, வலது கை ஒன்பதாம் நம்பரைக் காட்டியது. "புது சிஸ்டம் மெஷினையே தின்னுடும். அது மட்டுமா. இனிமே அவங்க கடையில வாங்கின விளையாட்டைத்தான் உள்ள விடுமாம். வீடு என்னுது, வாசல்ல நிக்கிற காவக்காரன் கம்பெனியோட ஆளு. என் வீட்டுக்குள்ள போக நான் அவன்கிட்ட அனுமதி கேக்கணும்."

"காவக்காரன் இருந்தா திருடன் வரமாட்டான் டீச்சர்" என்றார் புது சிஸ்டத்தைப் போட்டுக்கொடுத்த கம்ப்யூட்டர் கடைக்காரர். அவரை எல்லோரும் விளம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். "ஒவ்வொரு தடவ புதுசு வரும்போதும் செத்துச்சு செத்துச்சுன்னு ஒப்பாரி வெக்கறீங்க. பாடை கட்டினவங்கதான் காணாம போனாங்க, விளையாட்டு அப்படியேதான் இருக்கு."

"இப்ப படுத்திருக்கறது யாரு, நானா?"

பத்து முப்பத்தொன்றுக்கு ஒன்பதை மறுபடி எழுப்பினார்கள். பத்து முப்பத்தொன்பதுக்கு மறுபடி படுத்தது. பக்கத்தில் பத்தாம் நம்பர் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் ஓடிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு மெக்கானிக் ஏணியிலிருந்து இறங்கினார். ஈரமான கருவிப் பையைக் கல்லா மேசைமேல் வைத்தார். வைத்த கை எடுக்கும் முன் கல்லாவில் இருந்த தங்கச்சி பையைத் தூக்கி, அடியில் ஒரு துடைப்பு துடைத்து, தரையில் இறக்கினாள்.

"ஈரப் பையை மேசையில வெக்காதன்னு எத்தனை தடவண்ணே சொல்றது?"

"மெஷின் செத்துக் கிடக்கு, உனக்கு மேசை முக்கியம்."

"எட்டு வருஷமா வயசான ஆம்பளைங்க பொம்மைக் கார் ஓட்டறாங்க. ஒண்ணு ஓடலைன்னா இழவு வீடா?" என்று சொல்லிக்கொண்டே பேனா டப்பாவைத் தூக்கி அதன் அடியிலும் துடைத்தாள். ஆனால் புருஷன் நின்ற பக்கம் அவள் திரும்பவில்லை.

மெக்கானிக் ஒன்பதாம் நம்பர் பெட்டியின் பக்கத் தகட்டில் உள்ளங்கையை வைத்தார். இருபத்தெட்டு வருஷம் சூட்டோடும் குளிரோடும் குடித்தனம் நடத்திய கை. பத்தாம் நம்பரையும் தொட்டார். அது வெதுவெதுப்பு. இது கொதிப்பு.

"மாப்பிள்ளை, இது சிஸ்டம் வியாதி மாதிரி தெரியல. சூட்டுல படுத்திருக்கு. ஒரு மணி வரைக்கும் நேரம் இருக்குல்ல?"

"நேரம் மட்டும்தான் மச்சான் இருக்கு."

"அப்ப யாரும் எதையும் தொடாதீங்க."

முதலில் கடையைச் சுற்றி வந்தார். இருபது பெட்டியும் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே கறுப்பு, ஒரே அச்சு. நம்பர் மேசை விளிம்பில்தான் ஒட்டியிருந்தது. முன்பக்கத்தில் சின்ன இழுப்பறை போல ஒன்று, அதற்குள்தான் டிஸ்க். எந்தப் பெட்டி மக்கர் செய்தாலும் மாப்பிள்ளை டிஸ்க்கை உருவி வேறு பெட்டியில் செருகி, வந்த ஆளை விளையாட விட்டுவிடுவார். பெட்டி உடம்பு, டிஸ்க் உயிர், உயிரை எந்த உடம்பிலும் போடலாம் என்பது அவர் சித்தாந்தம். கடைக்கு வருகிற எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறார்கள்.

வாசலை ஒட்டிய மூன்றாம் நம்பரில் டைலர் மட்டும் எந்தச் சண்டையிலும் சேராமல் விளையாடிக்கொண்டிருந்தார். எதிர் வரிசையில் அவர் தையல் கடை. யாராவது துணியோடு வந்தால் தெரிய வேண்டும் என்று தினமும் அந்த இடம்தான். பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன் அவர் முகத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

"காத்து பலமா இருக்கே" என்றார் மெக்கானிக்.

"வழக்கமா இந்தக் காய்ச்சக்காரனுக்குத்தான் வெச்சுவிடுவேன். ஒரு மாசமா அரை மணிக்கு ஒரு தடவ மயங்கி விழுவான். இன்னைக்கு என்னவோ நல்ல புத்தி. ஒன்பது மணியிலேர்ந்து உக்காந்திருக்கேன், ஒரு தடவகூட விழல. அதான் ஃபேனை எனக்குத் திருப்பிக்கிட்டேன்."

மெக்கானிக் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்.

பத்து ஐம்பது. டீச்சர்.

"நேத்து கடைக்கு வந்தீங்களா?"

"ஆறுக்கு வந்தேன், ஏழரைக்குப் போனேன். இன்னைக்குப் பேசறதுக்கு எழுதிப் பாத்தேன்."

"ஒன்பதைத் தொட்டீங்களா?"

"தொட்டேன். எதிராளி மூஞ்சியைப் பாக்க வேணாமா?"

"தனியா இருந்தீங்களா?"

"உங்க மாப்பிள்ளை டீ வாங்கப் போனப்ப பத்து நிமிஷம். மெக்கானிக்கு, நான் சோத்துத் தட்டையே ஒத்தக் கையால தூக்கறேன். அப்புறம் ஒண்ணு. விடையை முதல்ல எழுதிட்டு வழியை அப்புறம் ஜோடிக்கிற பிள்ளைங்களை முப்பது வருஷம் முட்டி போட வெச்சவ நான்."

பத்து ஐம்பத்தாறு. விளம்பரம்.

"நேத்து எத்தனை மணிக்கு சிஸ்டம் போட்டீங்க?"

"அஞ்சு. ரெண்டு மணி நேரம் இதே கார் பந்தயத்தை ஓட்டிப் பாத்தேன். ஐஸ் கட்டி மாதிரி இருந்துச்சு. ஏழு மணிக்குக் கிளம்பினேன்."

"ஏழு மணி வரைக்கும் சூடு இல்ல?"

"இருந்தா நான் இன்னைக்கு முப்பது பேர் முன்னால வந்து நிப்பனா? எனக்கு என்ன வேண்டுதலா?"

பதினொன்று இரண்டு. மாப்பிள்ளை.

"பூட்டினது?"

"எட்டரைக்கு நான்தான். காலையில உங்க தங்கச்சி ஏழு மணிக்கு வந்து கூட்டித் துடைப்பா. ஒன்பதுக்கு டைலர் வந்தாரு. அவ பின்னாடி பக்கெட் கழுவிட்டு இருந்திருக்கா, அஞ்சு நிமிஷம் இவரு மட்டும்தான் உள்ள. நான் ஒன்பதரைக்கு வந்தேன். மச்சான், இதையெல்லாம் விடுங்க. நடந்தது நடந்துபோச்சு. போன் வந்தா முடியாதுன்னு சொல்லிடறேன்."

"சொல்லுங்க. ஒரு மணிக்குச் சொல்லுங்க. இப்ப மணி பதினொண்ணு."

மெக்கானிக் ஒன்பதாம் நம்பர் பெட்டியின் முன்மூடியைக் கழற்றினார். உள்ளே காற்றை வடிகட்டும் வலை. வெளியே பெட்டி கண்ணாடி போலப் பளபளவென்று இருந்தது, உள்ளே வலை கம்பளி போர்த்தியிருந்தது. அவர் வலையை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு வீட்டு ஃபில்டரைப் பார்த்தே அந்த வீட்டில் நாய் இருக்கிறதா, புகை பிடிக்கிறவர் இருக்கிறாரா என்று சொல்லிவிடுகிற ஆள். ரேகை பார்க்கிறவன் கையைப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தார். அப்புறம் மூன்றாம் நம்பரிடம் போனார்.

"டைலரு, அஞ்சு நிமிஷம் எந்திரிங்க."

"ஜெயிக்கிற நேரத்துல வந்தீங்க பாருங்க."

மூன்றின் வலையையும் கழற்றினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எல்லோரையும் கூப்பிட்டார். அப்போது பதினொன்று பத்து.

"ஒன்பதாம் நம்பர் எங்க இருக்கு? கடைக் கோடியில, ஏசிக்குக் கீழ. அங்க ரோட்டுத் தூசி வராது. ஆனா அது வலையில பாருங்க. பழுப்பு மண்ணு, மாவு மாதிரி. இதோ, செவப்பு நூலு, நீல நூலு, துணிப் பிசிறு. வாசல்ல இருக்கற மூணாம் நம்பர் வலையில என்ன இருக்கு? வெள்ளைப் பஞ்சு, அவ்வளவுதான். ரோட்டை ஒட்டியும் டைலருக்கு எதிரயும் குடியிருந்த பெட்டி எது?"

டைலர் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். தோளில் ஒரு சிவப்பு நூல் தொங்கியது.

"பெட்டியை மாத்தியிருக்காங்க" என்றார் மெக்கானிக். "டிஸ்க்கை மட்டும் உருவி அந்தந்த இடத்துலயே போட்டிருக்காங்க. புது சிஸ்டம் காய்ச்சக்காரன் உடம்புல இருக்கு. காய்ச்சல் பழைய காய்ச்சல். பேரு மட்டும் புது சிஸ்டத்துக்கு."

மாப்பிள்ளையும் விளம்பரமும் சேர்ந்து பெட்டிகளைப் பழையபடி மாற்றினார்கள். பதினொன்று இருபதுக்குக் கார் மறுபடி புறப்பட்டது. இந்தத் தடவை வளைவில் திரும்பியது.

கார் ஓட ஓட, கூட்டத்தின் கண் டைலர் மேல் படிந்தது. டீச்சர்தான் முதலில் கேட்டார். "யாருக்கு லாபமோ அவங்களைத்தானே முதல்ல பாக்கணும்?"

"அம்மா, நான் பேண்ட்டுக்குக் காலு மாத்தி வெச்சிருக்கேன், ஒத்துக்கறேன்" என்றார் டைலர். "பெட்டி மாத்தல."

"அஞ்சு நிமிஷம் தனியா இருந்தீங்களாமே."

"அஞ்சு நிமிஷத்துல பட்டன்கூட தைக்க மாட்டேன். என்கிட்ட துணி குடுத்துட்டு வருஷக் கணக்கா காத்திருக்கறவங்க இங்கயே நாலு பேர் நிக்கறாங்க, கேளுங்க."

நாலு பேர் கையைத் தூக்கினார்கள். கூட்டம் சிரித்தது. மெக்கானிக் சிரிக்கவில்லை. அவர் மறுபடி மேசை மேசையாகக் குனிந்து, ஒவ்வொரு பெட்டியையும் ஒரு பக்கம் சாய்த்து, அடியில் பார்த்துக்கொண்டு வந்தார். இருபதாம் நம்பரில் நிமிர்ந்தார். நிமிர்ந்த முகம் நன்றாக இல்லை. கொஞ்ச நேரம் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏறி மிச்ச வேலையைப் பார்க்கலாமா என்று இருந்தது. டைலரைப் பார்த்தார். அந்த மனுஷன் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் காது மடல் சிவந்திருந்தது.

பன்னிரண்டு இருபதுக்கு ஒரு மணி நேரம் முடிந்தது. ஒன்பதாம் நம்பர் வெதுவெதுப்பாக நின்றது. விளம்பரம் கை தட்டினார்.

"ஓட்டம் முடிஞ்சுது" என்றார் டீச்சர். "ஆளைச் சொல்லுங்க மெக்கானிக்கு. டைலரா, இல்லையா?"

மெக்கானிக் கல்லாவைப் பார்த்தார். "நீயே சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

தங்கச்சி துணியை மடித்து வைத்தாள். "நீயே சொல்லுண்ணே. ஆரம்பிச்சவன் முடிக்கணும்."

"பெட்டியை மாத்தினது என் தங்கச்சி" என்றார் மெக்கானிக். மாப்பிள்ளை ஏதோ சொல்ல வந்தார். மெக்கானிக் கையைக் காட்டினார். "பதினெட்டு பெட்டிக்கு அடியில ஒரு வருஷத்துத் தூசி சதுரமா உக்காந்திருக்கு. பெட்டி கனம், யாரும் தூக்கித் துடைக்கறதில்ல. மூணுக்கும் ஒன்பதுக்கும் அடியில மட்டும் ஈரத் துணி போட்ட சுத்தம். இதை டைலர் செஞ்சிருந்தா துடைக்கறது இருக்கட்டும், நாலு நூலை விட்டுட்டுப் போயிருப்பாரு. டீச்சருக்குக் கை இல்ல. விளம்பரம் அவர் கடையையே துடைச்சது கிடையாது. திருட்டுத்தனம் பண்றவன் இருந்த தூசி இருந்தபடி இருக்கணும்னு பாப்பான். தூக்கின எடத்தைத் துடைக்காம கீழ வெக்க முடியாத ஆளு இந்த ஊர்லயே ஒருத்திதான். எங்க அம்மா இவகிட்ட உப்பு ஜாடியை எடுக்கச் சொல்லவே பயப்படும், அலமாரியையே காலி பண்ணிடுவா. வெளியெல்லாம் துடைச்சா. உள்ள வலை இருக்கறது மட்டும் அவளுக்குத் தெரியாது."

மாப்பிள்ளைதான் கேட்டார், ரொம்ப மெதுவாக. "ஏன்?"

"ரயிலு" என்றாள்.

"என்ன ரயிலு?"

"இருபதாம் நம்பர்ல ஒரு ரயில் விளையாட்டு இருக்கு. நாமளே தண்டவாளம் போட்டு, ஸ்டேஷன் கட்டி, ரயில் விடணும். அதைச் செஞ்ச கம்பெனிகூட இப்ப இல்ல. காலையில கூட்டி முடிச்சுட்டு எட்டரை வரைக்கும் தினம் விளையாடறேன். எட்டு வருஷமா."

"நீ?" என்றார் மாப்பிள்ளை. போட்டியையே மறந்துவிட்ட முகம். "நீ விளையாடுவியா?"

"உங்களைத் திட்டின வாயால எப்படிச் சொல்றது? இன்னைக்குக் காலையில ஒன்பதுல போட்டுப் பாத்தேன். 'இதை அனுமதிக்க முடியாது'ன்னு ஒரு வரி. அவ்வளவுதான். இருபதும் மாறிச்சுன்னா எல்லாம் போச்சுன்னு கையும் காலும் ஓடல. போட்டி இல்லாட்டி இன்னொண்ணு வரும்னு மனசைத் தேத்திக்கிட்டேன். அது தப்பு. பத்தே முக்காலுக்கு உங்க மூஞ்சியைப் பாத்தப்பவே சொல்லியிருக்கணும். டைலரண்ணே, உங்க மேல பழி வந்ததுக்கு மன்னிச்சுக்கங்க."

"பரவால்லம்மா. காலையிலேர்ந்து நல்ல மெஷின்ல ஆடினேன், அதுக்குச் சரியாப் போச்சு."

டீச்சர் விளம்பரத்தைப் பார்த்தார். "நான் சொன்ன காவக்காரனை இவதான் வாசல்ல பாத்திருக்கா."

"மெஷினைத் தின்னுடும்னீங்களே, தின்னுச்சா?"

"தின்னல. அது என் தப்பு. ஆனா உள்ள விடலையே?"

விளம்பரம் கொஞ்சம் யோசித்தார். "விடல" என்றார். மூன்று வாரத்தில் அந்த இரண்டு பேரும் ஒருவர் சொன்னதை ஒருவர் ஒப்புக்கொண்டது அப்போதுதான்.

ஒரு மணிக்குப் போன் அடித்தது. மாப்பிள்ளை எடுத்தார். தயார் என்றார். அப்புறம் ஒரு நிமிஷம் நிறுத்தி, "எத்தனை மெஷின்ல புது சிஸ்டம் வேணும் உங்களுக்கு?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டு வைத்தார்.

"பதினாறு போதுமாம்."

மூன்று வாரச் சண்டையில் அந்தக் கேள்வியை ஒரு ஆள்கூடக் கேட்டிருக்கவில்லை. இருபது வேண்டும் என்று சொன்னது யார் என்று எல்லோரும் யோசித்தார்கள். விளம்பரம் ஏசியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிச்சம் நாலும் பழசுலயே இருக்கட்டும்" என்றார் மாப்பிள்ளை. "நெட் வயரைப் பிடுங்கிட்டா எந்தக் காவக்காரனும் வரமாட்டான். டீச்சர், அந்த நாலுக்கும் நீங்க பொறுப்பு." பிறகு பெண்டாட்டியிடம் திரும்பி, "போ. போய்க் காட்டு" என்றார்.

முப்பது பேர் பார்க்க, பட்டப்பகலில், அவள் இருபதாம் நம்பரில் உட்கார்ந்தாள். உட்காரும் முன் நாற்காலியைத் துடைத்தாள். திரையில் மலையும் பாலமும் தண்டவாளமுமாக ஒரு தேசமே விரிந்தது. எங்கெங்கோ சின்னச் சின்ன ரயில்கள் புழு மாதிரி ஊர்ந்தன. மெக்கானிக் கூட்டத்தின் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். டீச்சர் ஸ்டேஷன்களை எண்ண ஆரம்பித்து, அறுபதில் விட்டுவிட்டார்.

மாப்பிள்ளை திரைக்குக் கிட்டே குனிந்தார். "இது என் பேரா?"

"ஆமா. உங்க பேர்ல ஒரு ஸ்டேஷன்."

"எக்ஸ்பிரஸ் நிக்குமா?"

"நிக்காது. கூட்ஸ் மட்டும்."

"எட்டு வருஷமா?"

"போன வருஷம் ஒரு பாசஞ்சர் விட்டிருக்கேன். திரையில கை வெக்காதீங்க, ரேகை படியும். ரெண்டு நிமிஷத்துல வரும், பாருங்க."

மாப்பிள்ளை ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ரயிலுக்காகக் காத்திருந்தார்.